மகளை இழந்த பிறகு அவ பேர்ல விழிப்புணர்வு வேலை: எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

நீங்க கேட்டதை நான் புரிஞ்சுகிட்ட வரைக்கும் ஒருதடவை திருப்பிச் சொல்லிடறேன், தப்பா இருந்தா திருத்துங்க. உங்க பொண்ணுக்கு நாலு வயசுல நியூரோபிளாஸ்டோமா, அதாவது சின்னக் குழந்தைங்களுக்கு நரம்புத் திசுல வர்ற ஒரு கேன்சர், கால்வலி கால்வலின்னு ரெண்டு மாசம் அலைஞ்சதுக்கு அப்புறம்தான் கண்டுபிடிச்சாங்க, அப்பவே எலும்புக்கும் மஜ்ஜைக்கும் போயிருந்துச்சு, ஆறு வயசு முடியறதுக்குள்ள போயிட்டா, பதினோரு மாசம் ஆகுது. இப்ப அவ பேர்ல ஒரு ட்ரஸ்ட் ஆரம்பிச்சு, பொறக்கற எல்லா குழந்தைக்கும் கேன்சர் டெஸ்ட் எடுக்கணும்னு செப்டம்பர்லேருந்து பிரச்சாரம் பண்ணப் போறீங்க, வீட்டுக்காரர் வேண்டாங்கறார், பெரிய பையன் வாயே திறக்க மாட்டேங்கறான், எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னு கேக்கறீங்க. ஆனா கடைசி வரில "முன்னாடியே டெஸ்ட் எடுத்திருந்தா இருந்திருப்பாளோ"ன்னு எழுதிட்டு அப்படியே விட்டுட்டீங்க பாருங்க, உண்மைல நீங்க கேட்டது அதைத்தான்னு எனக்குப் படுது. அதனால அதை முதல்ல எடுத்துக்கறேன், ட்ரஸ்ட் விஷயம் கொஞ்சம் பொறுக்கட்டும்.

நான் டாக்டர் இல்ல. குழந்தைங்க கேன்சர் வார்டுல பதினேழு வருஷம் சோஷியல் வொர்க்கரா இருந்தேன், அதுல கடைசி ஏழெட்டு வருஷம் நர்ஸுங்களுக்கும் டீச்சருங்களுக்கும் அறிகுறி பத்தி வகுப்பு எடுக்கறதும், குழந்தையை இழந்த பெத்தவங்க இந்த மாதிரி வேலைக்கு வரும்போது கூட நிக்கறதும்தான் வேலை. உங்க பொண்ணோட ஃபைலை நான் பாக்கல, அவளுக்கு என்ன ஆகியிருக்கும்னு என்னால சொல்ல முடியாது, ஃபைலைப் பாக்காம யார் சொன்னாலும் நம்பாதீங்க. பொதுவா அந்த நோயைப் பத்தி உறுதியா தெரிஞ்சதை மட்டும் சொல்றேன்.

நீங்க நினைக்கற அந்த டெஸ்ட் புதுசு இல்ல, ஏற்கனவே பண்ணிப் பாத்துட்டாங்க. நியூரோபிளாஸ்டோமா கட்டி சில பொருட்களை ரத்தத்துல விடும், அது சிறுநீர்ல தெரியும், அதனால ஜப்பான்ல 1980கள்லேருந்து ஆறு மாசக் குழந்தைங்க எல்லாருக்கும் சிறுநீர் பரிசோதனை பண்ணினாங்க. நிறைய கட்டி கண்டுபிடிச்சாங்க, பாக்கறவங்களுக்குப் பெரிய வெற்றின்னுதான் தோணுச்சு. அப்புறம் கனடாவோட கியூபெக் மாகாணத்துலயும் ஜெர்மனிலயும் ஒழுங்கா ஒப்பிட்டுப் பாக்கற மாதிரி ஆய்வு பண்ணினாங்க, ஜெர்மனில மட்டும் கிட்டத்தட்ட 15 லட்சம் குழந்தைங்க, ரெண்டோட முடிவும் 2002ல வந்துச்சு, டெஸ்ட் எடுத்ததால சாவு குறையல. காரணம் என்னன்னா, கைக்குழந்தைங்களுக்கு வர்ற நியூரோபிளாஸ்டோமால ஒரு பங்கு தானாவே சுருங்கி மறைஞ்சு போற ரகம், டெஸ்ட் பெரும்பாலும் அதைத்தான் பிடிச்சுது, மறைஞ்சு போயிருக்க வேண்டிய கட்டிக்கு ஆபரேஷனும் கீமோவும் கொடுத்து சில குழந்தைங்களுக்கு அந்தச் சிகிச்சையாலயே கெடுதல் ஆச்சு. மூணு நாலு வயசுல பரவி வர்ற முரட்டு ரகம் ஆறு மாசத்துல பெரும்பாலும் டெஸ்ட்ல மாட்டாது. அதுக்கப்புறம் ஜப்பானும் நிறுத்திடுச்சு. 2008ல ஜப்பான் கணக்கை வெச்சு வந்த ஒரு ஆய்வு சாவு குறைஞ்சுதுன்னு சொல்லுச்சு, அதையும் மறைக்காம சொல்லணும், ஆனா அது பழைய பதிவேட்டைத் திரும்பிப் பாத்துப் பண்ணது, அதை மட்டும் நம்பி யாரும் திரும்ப ஆரம்பிக்கல.

அதனால, பச்சைக் குழந்தையா இருந்தப்ப ஒரு டெஸ்ட் எடுத்திருந்தா அப்படிங்கற அந்த எண்ணத்துக்கு மருத்துவத்துல ஆதாரம் இல்ல, இதை நான் தெளிவாவே சொல்றேன். அந்த ரெண்டு மாசம் பத்தி அவ்வளவு தெளிவா சொல்ல முடியாது. நியூரோபிளாஸ்டோமால பரவின வகை, அதுவும் ஒன்றரை வயசுக்கு மேல வந்தா, எல்லா வசதியும் இருக்கற இடத்துலயே ஏறக்குறைய பாதி குழந்தைங்கதான் தப்பிக்கறாங்க, அதுல கட்டியோட குணத்துக்குத்தான் பெரிய பங்கு, எம்.ஒய்.சி.என் ங்கற ஜீன் அந்தக் கட்டில பெருகியிருக்கா இல்லையாங்கற மாதிரி விஷயங்கள். ரெண்டு மாசம் முன்னாடி தெரிஞ்சிருந்தா வலி குறைஞ்சிருக்கலாம், அலைச்சல் குறைஞ்சிருக்கலாம், முடிவு மாறியிருக்குமாங்கறது சந்தேகம்தான். கூடவே இதையும் சொல்லிடறேன், நீங்க கேக்கல ஆனா எல்லா அம்மாவும் மனசுக்குள்ள கேக்கறது: கர்ப்பமா இருந்தப்ப நீங்க பண்ணின எதனாலயும் இது வரல. குழந்தைங்க கேன்சர்ல சுமார் 10 சதவீதம் பரம்பரையா வர்ற ஜீன் காரணமா வருது, மிச்சத்துல பெரும்பாலானதுக்கு இன்ன காரணம்னு கை நீட்டிக் காட்டவே முடியாது.

இப்ப விழிப்புணர்வே வேஸ்ட்டான்னு கேட்டா, இல்லவே இல்ல, எந்த நோய்க்கு எந்தச் செய்தின்னு பிரிச்சுப் பாக்கணும், அவ்வளவுதான். ரெட்டினோபிளாஸ்டோமான்னு கண்ணுக்குள்ள வர்ற கட்டி, போட்டோ எடுக்கறப்ப ஃபிளாஷ்ல கண்மணி வெள்ளையா தெரியும், அதைச் சீக்கிரம் பிடிச்சா உயிரும் தப்பிக்கும், பல நேரம் பார்வையும் தப்பிக்கும். ஹோண்டுராஸ்ல தடுப்பூசி முகாமோட சேத்து இந்த வெள்ளைக் கண் பத்தி போஸ்டர், ரேடியோன்னு பிரச்சாரம் பண்ணினாங்க, முன்னாடி 73 சதவீதம் குழந்தைங்க கட்டி கண்ணைத் தாண்டி வெளிய வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்துகிட்டிருந்தாங்க, அது 35 சதவீதமா இறங்கிச்சு. பிரிட்டன்ல மூளைக்கட்டிக்கு 2011ல ஹெட்ஸ்மார்ட்னு ஒரு பிரச்சாரம், எந்த வயசுக்கு எந்த அறிகுறி, எத்தனை நாள் நீடிச்சா டாக்டர்கிட்ட போகணும்னு ஒரு சின்ன அட்டை, அவ்வளவுதான் அதுல. இதுக்கான மருத்துவ வழிகாட்டி வர்றதுக்கு முன்னாடி முதல் அறிகுறிலேருந்து கண்டுபிடிக்க 14.4 வாரம் ஆச்சு, 2013 வாக்குல 6.7 வாரம் ஆச்சு. இது ரெண்டுலயும் நான் கவனிச்சது ஒண்ணு, ரெண்டுமே "கேன்சர் விழிப்புணர்வு"ன்னு பொதுவா பேசல, ஒரே நோய், நாலஞ்சு அறிகுறி, அடுத்து என்ன பண்ணணும், அதோட நிறுத்திக்கிட்டாங்க. ரிப்பன் குத்திட்டு பலூன் விடற கூட்டத்தை நான் குறை சொல்லல, நானே நிறைய போயிருக்கேன், ஆனா வீட்டுக்குப் போறப்ப யாருக்கும் புதுசா ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.

இங்க ஒரு அப்பாவைப் பத்தி சொல்லணும். அவரோட பையன் வேற ஒரு கேன்சர்ல போனான், எட்டு மாசத்துலயே நம்ம கூட பேச வந்துட்டார், நல்லா பேசுவார், கூட்டமே அழும். ஒவ்வொரு தடவையும் கடைசில "நாங்க சீக்கிரம் வந்திருந்தா என் பையன் இன்னிக்கு இருந்திருப்பான், நீங்களாவது தாமதிக்காதீங்க"ன்னு முடிப்பார். ஒரு வருஷம் இப்படியே போச்சு, நானும் நல்லாத்தானே போகுதுன்னு விட்டுட்டேன், அது என் தப்பு. ஒருநாள் அவரோட மனைவி என்னைத் தனியா கூப்பிட்டு "இவர் மாசம் ரெண்டு தடவை மேடை ஏறி நாங்கதான் பிள்ளையைக் கொன்னோம்னு சொல்லிட்டு வர்றாரு, நான் அதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்"னாங்க. அந்தப் பையனோட நோய்க்கு சீக்கிரம் வந்திருந்தாலும் பெருசா மாறியிருக்காதுன்னு டாக்டருக்குத் தெரியும், எனக்கும் ஓரளவு தெரியும், யாரும் அவர்கிட்ட சொல்லல, ஏன்னா பேச்சு நல்லா வேலை செஞ்சுது. அப்புறம் டாக்டரோட உக்காந்து பேசி அந்தக் கடைசி வரியை எடுத்தோம். அழுகை குறைஞ்சுபோச்சு, கூட்டத்துல கேள்வி கேக்கறது கூடிச்சு. நீங்க எழுதினதைப் படிச்சதும் எனக்கு அவர் ஞாபகம்தான் வந்துச்சு. எல்லாருக்கும் டெஸ்ட்னு நீங்க கேக்கப்போற ஒவ்வொரு தடவையும் உங்களையே குத்தவாளிக் கூண்டுல நிறுத்திக்கப் போறீங்க, அதுவும் உண்மையில்லாத ஒரு குத்தத்துக்கு.

சரி, உங்ககிட்ட இருக்கற செய்திதான் என்ன? நீங்களே எழுதியிருக்கீங்க, கால்வலி. வளர்ற பிள்ளைக்கு வர்ற வலின்னு சொல்லி அனுப்பினாங்கன்னு. பெரும்பாலான நேரம் அது சரிதான், பிள்ளைங்களுக்குக் கால்வலி அவ்வளவு சாதாரணம், சொன்னவங்களைக் கெட்டவங்கன்னு நினைக்கவும் வேண்டாம். ஆனா வளர்ச்சி வலின்னா பொதுவா ரெண்டு கால்லயும் இருக்கும், சாயங்காலமோ ராத்திரியோ வரும், காலைல எழுந்து ஓடிக்கிட்டிருக்கும், நொண்டாது. ஒரே பக்கம் வலி, பகல்லயும் வலி, நொண்டறது, நடந்துகிட்டிருந்த குழந்தை தூக்கச் சொல்றது, அதோட முகம் வெளுத்துப் போறது, விட்டு விட்டுக் காய்ச்சல், அடிபடாமலே கன்னிப் போறது, வயித்துல கட்டி மாதிரி தட்டுப்படறது, அடியே படாம கண்ணைச் சுத்தி கருநீலமா ஆகறது, இதெல்லாம் சேந்து வந்தா வளர்ச்சி வலின்னு விடக்கூடாது, ரத்தப் பரிசோதனையும் வயித்தைக் கையால அமுக்கிப் பாக்கறதும் வேணும். லுக்கீமியாங்கற ரத்தப் புற்றுநோயும் பல குழந்தைகளுக்கு இப்படிக் கால்வலியா, நொண்டலாத்தான் ஆரம்பிக்கும், அதுக்கு இன்னிக்கு நல்ல சிகிச்சை இருக்கு. இந்த ஒரு விஷயத்தை நீங்க சொன்னா கேக்கறவங்களுக்குப் பதியும், நான் பத்து ஸ்லைடு போட்டாலும் அந்த அளவுக்குப் பதியாது.

இதை யாருக்குச் சொல்றதுங்கறதுதான் பாதி வேலை. எல்லா பெத்தவங்களுக்கும் வாட்ஸ்அப்ல அனுப்பினா பயம் பரவும், வேற ஒண்ணும் நடக்காது, ஏன்னா நோய் அரிது, கால்வலி ஏராளம். ஒரு பொது மருத்துவர் தன் சர்வீஸ் முழுக்க ஒண்ணு ரெண்டு குழந்தைக்குத்தான் கேன்சரை முதல்ல பாக்கற ஆளா இருப்பார், அதனால அவருக்கு ஞாபகம் வர்ற மாதிரி இருக்கணும். தடுப்பூசி போடற நர்ஸ், பிசியோதெரபி பண்றவங்க, பள்ளிக்கூடத்துல விளையாட்டு டீச்சர், இவங்கதான் நொண்டற குழந்தையை முதல்ல பாக்கறாங்க. நான் எடுத்த வகுப்புலயே ரொம்பப் பலன் கொடுத்தது விளையாட்டு டீச்சர்களுக்கு எடுத்ததுதான், "நேத்து வரைக்கும் ஓடின பிள்ளை இன்னிக்கு ஓரமா உக்காந்திருக்கு"ங்கறதைக் கவனிக்க அவங்களைவிட யாரு இருக்கா. இருபது பேர் உக்காந்த ஒரு அறை போதும், மேடையும் மைக்கும் வேண்டாம்.

உலக அளவுல என்ன நடக்குதுன்னும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க, யாராவது கேப்பாங்க. வருஷத்துக்கு சுமார் 4 லட்சம் பிள்ளைங்களுக்கு, 19 வயசு வரைக்கும் சேத்து, கேன்சர் வருது. வசதியான நாடுகள்ல 80 சதவீதத்துக்கு மேல குணமாகுது, வசதி குறைஞ்ச பல நாடுகள்ல 30 சதவீதம்கூட இல்ல. உலக சுகாதார நிறுவனம் 2018ல ஒரு திட்டம் ஆரம்பிச்சு 2030க்குள்ள எல்லா இடத்துலயும் குறைஞ்சது 60 சதவீதம் பிழைக்கணும்னு இலக்கு வெச்சிருக்கு. அவங்க முதல்ல கவனிக்கன்னு எடுத்த ஆறு நோய்ல நியூரோபிளாஸ்டோமா இல்ல, அதைப் பாத்து மனசு வருத்தப்படாதீங்க, எங்க இருந்தாலும் குணப்படுத்தறதுக்கு வழி தெரிஞ்ச நோய்களா பாத்து எடுத்தாங்க. அந்த 80க்கும் 30க்கும் நடுவுல இருக்கற பள்ளம் தாமதத்தால மட்டும் வந்ததில்லங்கறதுதான் முக்கியம். தப்பான டயக்னோசிஸ், மருந்து கிடைக்காதது, சிகிச்சையோட பக்கவிளைவுல போறது, பாதியிலயே சிகிச்சையை விட்டுடறது, எல்லாம் சேந்தது. லுக்கீமியாவுக்கு ரெண்டு மூணு வருஷம் சிகிச்சை, ஆறாவது மாசமே குழந்தை தெளிஞ்சு ஓடியாடும், அப்ப "சரியாயிடுச்சே"ன்னு நிறுத்தினவங்களை நான் பாத்திருக்கேன், திரும்பி வரும்போது ரிலாப்ஸ், அதாவது நோய் மறுபடி வந்திருக்கும். இந்த இடத்துல வண்டிச் செலவுக்கும் தங்கறதுக்கும் உதவறது எந்தப் போஸ்டரைவிடவும் அதிக உயிரைக் காப்பாத்தும். பேர் போட்டுக்க முடியாத வேலை அது, அதனாலயே ஆள் வர்றதில்ல.

ட்ரஸ்ட் பத்தி என் அபிப்பிராயம் கொஞ்சம் கசப்பா இருக்கும். பெத்தவங்க ஆரம்பிச்சு உலகத்தையே மாத்தினது உண்டு. ஷர்லி நோலன்னு ஒரு அம்மா, மகன் ஆன்டனிக்குப் பொருந்தற மஜ்ஜை தேடி 1974ல லண்டன்ல ஒரு பதிவேடு ஆரம்பிச்சாங்க, பையனுக்குக் கேன்சர் இல்ல, வேற ஒரு ரத்த நோய், கடைசி வரைக்கும் பொருந்தற ஆள் கிடைக்காம 1979ல ஏழு வயசுல போயிட்டான், பதிவேடு மட்டும் நின்னுபோகல, இன்னிக்கு லுக்கீமியாக்காரங்க எத்தனையோ பேர் அதனால பிழைச்சிருக்காங்க. அமெரிக்கால நான்சி குட்மேன்னு ஒரு அம்மா, மகன் மூளைக்கட்டில 2009ல போன பிறகு, குழந்தைங்க நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கற கம்பெனிக்கு சலுகை கொடுக்கற மாதிரி 2012ல ஒரு சட்டமே கொண்டு வர வெச்சாங்க. இவங்க ரெண்டு பேரும் பிடிச்சது ஒரே ஒரு ஓட்டையை, அதை அடைக்கறது மட்டும்தான் வேலைன்னு இருந்தாங்க. நான் நேர்ல பாத்த ட்ரஸ்ட் பெரும்பாலானது முதல் வருஷ நினைவுநாள் நிகழ்ச்சியோட மூச்சு வாங்கி, ரெண்டாவது வருஷம் கணக்கு தாக்கல் பண்ண ஆளில்லாம நின்னுபோச்சு, அப்ப அந்த அம்மாவுக்கு ரெண்டாவது தடவை பிள்ளையைப் பறிகொடுத்த மாதிரி ஆகிடுச்சு. ஏற்கனவே ஒழுங்கா நடக்கற அமைப்புல உங்க பொண்ணு பேர்ல ஒரு நிதியோ ஒரு வகுப்போ தனியா வெக்க முடியுமான்னு கேளுங்க, பணம் எதுக்குப் போகும், வருஷா வருஷம் கணக்கு காட்டுவாங்களான்னு எழுத்துல வாங்கிக்கோங்க. பணமே இல்லாம பண்ணக்கூடியதும் இருக்கு. கீமோல இருக்கற குழந்தைக்குப் பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவற அணுக்கள், அடிக்கடி வேணும், அதை அஞ்சு நாளைக்கு மேல பொதுவா வெச்சுக்க முடியாது, அதனால எப்பவும் தட்டுப்பாடுதான். ஒரு அப்பா மகள் போன தேதியை வெச்சு மாசாமாசம் நாலு நண்பர்களைக் கூட்டிக்கிட்டு ரத்த வங்கிக்கு வந்துருவார், ஒன்பது வருஷமா, யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

வீட்டுக்காரர் விஷயத்துல நான் பஞ்சாயத்து பண்ண முடியாது, ஆனா "வேண்டாம்"னு சொல்ற அப்பாக்கள்கிட்ட தோண்டிக் கேட்டா பல நேரம் வேலை வேண்டாம்னு இருக்காது, முடி கொட்டின போட்டோ ஊர் பூரா சுத்தறது வேண்டாம்னு இருக்கும். அது நியாயமான பயம். இணையத்துல ஒருதடவை போன படத்தைத் திரும்ப வாங்க முடியாது, நோயாளிக் குழந்தைங்க படத்தைத் திருடி பொய் வசூல் பண்றவங்க இருக்காங்க. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட ஒரே ஒரு படம், நோய் வர்றதுக்கு முன்னாடி எடுத்தது, அது போதும். முதல்ல பாத்த டாக்டர் பேரையோ ஆஸ்பத்திரி பேரையோ எங்கயும் போடாதீங்க, வழக்கு ஒரு பக்கம், அதுக்கப்புறம் எந்த டாக்டரும் உங்க வகுப்புக்கு வரமாட்டாங்க. பையன்கிட்ட தனியா கேளுங்க, "தங்கச்சி பத்தி உன் ஸ்கூல்ல பேசலாமா"ன்னு. வேண்டாம்னு சொன்னா அவன் ஸ்கூலை விட்டுடுங்க. அங்க ஒரு இடத்துலயாவது அவன் செத்துப்போன பொண்ணோட அண்ணனா இல்லாம இருக்கட்டும்.

அவளைப் பாத்துக்கிட்ட அதே வார்டுக்கு உதவி பண்ணப் போகணும்னும் எழுதியிருந்தீங்க. நான் இருந்த இடத்துல குறைஞ்சது ஒரு வருஷம் ஆகாம விடமாட்டோம், அதுக்கப்புறமும் பெட் பக்கம் அனுப்ப மாட்டோம், ஏன்னா அங்க இருக்கற அம்மா உங்களைப் பாத்ததும் கேக்கற முதல் கேள்வி "உங்க பொண்ணு இப்ப எப்படி இருக்கா"ன்னுதான் இருக்கும். செப்டம்பரும் அவசரம் இல்ல. அது குழந்தைங்க கேன்சருக்கான மாசம், தங்க நிற ரிப்பன், எல்லாரும் அப்பதான் கூப்பிடுவாங்க, ஆனா உங்களுக்கு அவ போன முதல் வருஷமும் அப்பதான் முடியுது. பிப்ரவரி 15 உலக தினம் இருக்கு, இல்ல சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை இருக்கு. ராத்திரி தூக்கமே இல்லைன்னு எழுதினதை நான் கவனிச்சேன், அதுக்கு இந்த வேலை மருந்தாகுமான்னா, சிலருக்கு ஆகியிருக்கு, சிலருக்கு அழுகையைத் தள்ளிப் போடத்தான் உதவியிருக்கு, முன்கூட்டி யாராலயும் சொல்ல முடியாது. சாப்பாடு, தூக்கம், பையனைக் கவனிக்கறது இதெல்லாம் மாசக்கணக்கா நடக்கலன்னாலோ, அவகிட்டயே போயிடலாம்னு தோணுச்சுன்னாலோ, முதல்ல ஒரு மனநல மருத்துவரைப் பாருங்க, அதுவரைக்கும் இந்த வேலை எங்கயும் ஓடிப் போயிடாது.

இப்போதைக்கு ஒண்ணு பண்ணுங்க. முதல் நாள் அவ கால் வலிக்குதுன்னு சொன்னதுலேருந்து டயக்னோசிஸ் ஆன நாள் வரைக்கும், தேதி போட்டு, என்ன பாத்தீங்க, யார்கிட்ட போனீங்க, என்ன சொன்னாங்க, பேர் எதுவும் இல்லாம ஒரே ஒரு பக்கம் எழுதுங்க. யார் தப்புன்னு எழுதாதீங்க, நடந்ததை மட்டும். நான் எடுத்த வகுப்புலயெல்லாம் இப்படி ஒரு பக்கத்தைப் படிச்சுட்டு "இதுல எந்த நாள்ல நீங்க ரத்தப் பரிசோதனை கேட்டிருப்பீங்க"ன்னு கேட்டுத்தான் ஆரம்பிப்பேன், அரைமணி நேரம் விவாதம் ஓடும். எழுதினதை வீட்டுக்காரர்கிட்ட காட்டுங்க, உங்களுக்கு ஞாபகம் இல்லாத ஒரு நாள் அவருக்கு ஞாபகம் இருக்கும். அப்புறம் எனக்கு அனுப்பினா, மருத்துவ விஷயம் சரியா இருக்கான்னு கூட வேலை பாத்த டாக்டர் ஒருத்தர்கிட்ட காட்டி வாங்கித் தர்றேன்.